எத்தனை நாளில் கேட்கும்?

மருந்து 'கேட்கும்' என்று சொல்வது நம் ஊர் வழக்கம். 'அந்த மாத்திரை எனக்குக் கேட்கவே இல்லைங்க', 'அந்த டாக்டர் கையால ஊசி போட்டா உடனே கேட்கும்' என்கிறோம். யார் சொல்வதை யார் கேட்கிறார்கள்? மருந்து சொல்வதை உடம்பு கேட்கிறது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பிள்ளைகள் மாதிரிதான். சிலது ஒரே அதட்டலில் கேட்கும். சிலதிடம் மூன்று மாதம் கெஞ்ச வேண்டும்.

ஜிம்முக்குப் போகிற பையன் உங்கள் வீட்டில் இருந்தால் 'பெப்டைட்' என்ற வார்த்தை காதில் விழுந்திருக்கும். தசை கிழிந்ததா, பெப்டைட். முட்டி வலியா, பெப்டைட். ஆறாத புண்ணா, அதற்கும் ஒரு பெப்டைட். என்ன அது என்று கேட்டால் பையன் வாய் திறக்க மாட்டான். நான் சொல்கிறேன். பூ தொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமினோ அமிலங்கள்தான் பூ. கோத்து நீளமாகச் சரம் விட்டால் புரதம். ஒரு முழம் அரை முழம் என்று நறுக்கிக் கொடுத்தால் பெப்டைட். ஏறக்குறைய ஐம்பது பூ வரை பெப்டைட் என்பது ஒரு பேச்சுக்கு வைத்திருக்கும் எல்லை. வாயில் போட்டால் பெரும்பாலும் காலை இட்லியோடு சேர்ந்து ஜீரணமாகிவிடும். அதனால்தான் ஊசி.

இதில் ஒரே அதட்டலில் கேட்கிற ஜாதி நிஜமாகவே உண்டு. ஆக்ஸிடோசின் என்பது ஒன்பதே பூ. பிரசவம் ஆனதும் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா போடுகிற ஊசி அதுதான். தசையில் போட்டால் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் கருப்பை இறுகும். நரம்பில் ஏற்றினால் ஒரு நிமிடம்கூட ஆகாது. இன்சுலின் அதன் அண்ணன், 51 பூ. 1922 ஜனவரி 23-ம் தேதி டொரண்டோவில் லியனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்குச் சுத்திகரித்த இன்சுலினைப் போட்டார்கள். 520 இருந்த சர்க்கரை ஒரே நாளில் 120-க்கு வந்தது. சாகக் கிடந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்தான்.

கெஞ்ச வேண்டிய ஜாதியும் உண்டு. எலும்பு பொடிந்துபோகிற பாட்டிகளுக்குப் போடும் டெரிபாரடைட், 34 பூ. தினம் ஒரு ஊசி வீதம் ஒன்றரை, இரண்டு வருடம் போட வேண்டும்.

ஆக, 'பெப்டைட் எவ்வளவு சீக்கிரம் கேட்கும்' என்று மொட்டையாகக் கேட்டால் ஒரு நிமிடம் என்றும் சொல்லலாம், இரண்டு வருடம் என்றும் சொல்லலாம். எதைச் செய்யச் சொல்லி அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. இருக்கிற தசையை 'இறுகு' என்று சொல்வது கட்டளை. கணத்தில் நடக்கும். இல்லாத சதையைக் 'கட்டு' என்று சொல்வது கொத்தனார் வேலை. சிமென்ட் காய வேண்டாமா?

இந்த வித்தியாசம் தெரியாததால் என் சித்தப்பா ஒரு காலை இழக்கப் பார்த்தார்.

சித்தப்பாவுக்குக் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். இருபது வருடச் சர்க்கரை. வருடா வருடம் ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் பஸ் ஏறிவிடுவார். போன வருடமும் போனார். உச்சி வெயிலில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தபோது, தனக்கு மட்டும் சுடவில்லை என்பதை அவர் நடராஜரின் கருணையாக எடுத்துக்கொண்டார். கருணை இல்லை, நரம்பு செத்திருந்தது. இரண்டு நாள் கழித்து மொசைக் தரையில் ஈரக் கறையைப் பார்த்துச் சித்திதான் கண்டுபிடித்தார். இடது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் போயிருந்தது. வலி சுத்தமாக இல்லை. வலி இல்லாததால் துணியைச் சுற்றிக்கொண்டு உழவர் சந்தைக்கு வழக்கம் போல நடந்துகொண்டிருந்தார்.

பெங்களூரில் இருக்கும் அவர் பையன் கூரியரில் ஒரு சின்னக் குப்பி அனுப்பினான். உள்ளே வெள்ளைப் பொடி. பி.பி.சி.-157. ரேடியோ இல்லை சார், பெப்டைட். பதினைந்து பூ. 'கரைச்சு ஊசி போட்டுக்கங்கப்பா, அஞ்சு நாள்ல ஆறிடும்' என்று போனில் சொல்லிவிட்டான். எனக்கும் போன் செய்து, 'அண்ணே, நீங்க பத்திரிகைக்காரர், எடுத்துச் சொல்லுங்க, பயப்படுறாரு' என்றான்.

எடுத்துச் சொல்வதற்கு முன்னால் எடுத்துப் படித்தேன். எலிகளுக்கு அது பிரமாதமாகக் கேட்கிறது. தசைநார் அறுந்த எலி, வயிறு புண்ணான எலி, எல்லாம் தேறியிருக்கின்றன. மனிதர்களிடம் முறையாகச் சோதித்தது சொற்பத்திலும் சொற்பம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் 2022 முதல் விளையாட்டு வீரர்களுக்கு அதைத் தடை செய்திருக்கிறது. புது ரத்தக் குழாய்களை வளரத் தூண்டுகிறது என்பதுதான் எலிகளிடம் அதற்குள்ள பெருமை. புற்றுக்கட்டியும் அதே புது ரத்தக் குழாயைத்தான் தேடும் என்பதைக் குப்பி விற்கிறவர்கள் சொல்வதில்லை. குப்பி மேலேயே பொடி எழுத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனித உபயோகத்துக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். 'அது சும்மா போடுறதுண்ணே' என்றான். சிகரெட் அட்டையில் இருப்பதையும் நாம் அப்படித்தானே வாசிக்கிறோம்.

சித்தப்பாவைச் சிதம்பரத்துக்கே அழைத்துக்கொண்டு போனேன். அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது 2021-ல் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. பெயரில் கடலூர், இருப்பது சிதம்பரத்தில்! கடலூர்க்காரர்களுக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அது இருக்கட்டும்.

டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்தார். பாதத்தில் வைத்து அழுத்தினால் பத்து கிராம் எடைக்கு வளையும் இழை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஒன்பதாவது இடத்தைத் தொட்டு முடித்தபோது சித்தப்பா கேட்டார்: "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

சித்திக்கு முகம் மாறிவிட்டது.

குப்பியைக் காட்டினோம். புண் ஆற்றும் மருந்துகளில் முறையாகச் சோதித்து வந்தவை இருக்கின்றன என்றார் டாக்டர். தோல் செல்களை வளரச் சொல்லும் ஈ.ஜி.எஃப்., 53 பூ. அதைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் அதை ஜெல்லாகவே செய்கிறது. இன்னொன்று பி.டி.ஜி.எஃப்., அது பெப்டைடைத் தாண்டிப் புரதமாகவே வளர்ந்துவிட்ட பெரியண்ணன். 1997-ல் அமெரிக்கா அனுமதித்தது. அந்த ஜெல்லைச் சர்க்கரைக் கால் புண்ணில் தடவிச் சோதித்தபோது, இருபது வாரத்தில் நூற்றுக்கு ஐம்பது பேருக்குப் புண் மூடியது. மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் முப்பத்தைந்து பேருக்கு மூடியது. மூடுவதற்கு ஆன காலம் முன்னதில் 86 நாள், பின்னதில் 127 நாள்.

86 நாள்! பெங்களூர்க் கணக்குப்படி அஞ்சு நாள்.

ஏன் இவ்வளவு தாமதம்? புண்ணுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. ரத்தம் உறைய வேண்டும், கிருமியும் செத்த சதையும் வெளியேற வேண்டும், புது ரத்தக் குழாய் ஓட வேண்டும், அதன் மேல் சதை, அதன் மேல் ஓரத்திலிருந்து தோல். சர்க்கரைப் புண் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. பழைய புண்ணில் ஊறும் நொதிகள், வளரச் சொல்லி அனுப்புகிற பெப்டைடையே தின்றுவிடும். தபால்காரரை நாய் கடித்தால் கடிதம் எப்படிப் போய்ச் சேரும்? இது போதாது என்று, ஒவ்வொரு அடிக்கும் முழு உடம்பும் அந்த ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் ஏறி இறங்குகிறது.

"மருந்தை அப்புறம் பேசலாம். முதல்ல காலுக்கு மேல இருக்கிற பாரத்தை எடுக்கணும்" என்றார் டாக்டர்.

"நடராஜர் மாதிரி தூக்கிட்டே நிக்கணுமா?" என்றார் சித்தப்பா.

"அவரும் இடது காலைத்தான் தூக்கியிருக்காரு" என்றார் டாக்டர்.

ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறதா, சீழ் எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டிலும் தப்பித்ததால், முழங்காலுக்குக் கீழே பாதத்தை ஒட்டி மாவுக்கட்டுப் போட்டார்கள். பாதம் முழுக்கவும் கெண்டைக்காலும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். புண்ணின் மேல் அழுத்தம் விழாது. வாரா வாரம் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி கட்ட வேண்டும். ரத்த ஓட்டம் கெட்ட காலுக்கும் சீழ் பிடித்த காலுக்கும் இது ஆகாது. அதனால் யாரும் வீட்டில் முயல வேண்டாம்.

இந்த மாவுக்கட்டு நம் பக்கத்துச் சரக்கு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. 1930-களில் கொழும்பில் அறுவைச் சிகிச்சை நிபுணர் மில்ராய் பால் தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு இப்படிக் கட்டுப் போட்டிருக்கிறார். பிறகு வேலூரில் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர். தொழுநோயாளியின் கை கால் தானாக அழுகி விழுகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். அழுகவில்லை; உணர்ச்சி இல்லாததால் சுட்டுக்கொள்கிறார்கள், காயத்தோடு நடக்கிறார்கள், அவ்வளவுதான். காயத்தை நடக்கவிடாமல் மூடி வைத்தால் ஆறிவிடுகிறது. 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது வித்தையைக் கூடவே கொண்டுபோனார். அங்கிருந்து சர்க்கரைக் காலுக்குப் பரவியது.

2001-ல் அமெரிக்காவில் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். மாவுக்கட்டுப் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் புண் மூடியது. கழற்றி மாட்டுகிற பூட்ஸ் கொடுத்தவர்களில் அறுபத்தைந்து பேருக்குத்தான். அந்த டாக்டர்களில் சிலர் பிற்பாடு இப்படிப்பட்ட பூட்ஸ் போட்டவர்கள் நடந்த அடிகளை எண்ணிப் பார்த்தார்கள். நூறு அடியில் இருபத்தெட்டு அடிதான் பூட்ஸோடு. மிச்சமெல்லாம் 'பாத்ரூம்தானே', 'வாசல்தானே' அடிகள். பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது. சேமிப்புக் கணக்கு நம்மிடம் எல்லோருக்கும் இருக்கிறது, பணம் போடுவதுதான் இருபத்தெட்டு சதவிகிதம்.

நான்கு வாரத்தில் புண் பாதியாகச் சுருங்கினால் பன்னிரண்டு வாரத்தில் மூட நல்ல வாய்ப்பு, சுருங்காவிட்டால் சிகிச்சையை மாற்ற யோசிக்க வேண்டும் என்பது டாக்டர்கள் கையில் இருக்கும் அளவுகோல். இதை உங்கள் வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 'எத்தனை நாளில் கேட்கும்' என்பதற்கு உருப்படியான பதில் எனக்குக் கிடைத்தது இந்த இடத்தில்தான். சித்தப்பாவுக்கு நான்காவது வாரம் பாதிக்கும் கீழே வந்தது. பத்தாவது வாரம் மூடியது. குப்பி இன்னும் ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டில் இருக்கிறது. விலையை நினைத்து, தூக்கிப் போடச் சித்திக்கு மனசு வரவில்லை.

மூடியதும் நிம்மதியாக இருக்கவும் விடவில்லை டாக்டர். ஆறிய புண்களில் நூற்றுக்கு நாற்பது ஒரு வருடத்துக்குள் திரும்ப வருமாம். தினம் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். எம்.சி.ஆர். செருப்பு, வீட்டுக்குள்ளும். சித்தப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "மார்கழிக்குக் கோயிலுக்குப் போகலாங்களா?"

"உங்க ஊர் சாமி வருஷத்துல ரெண்டு தடவை மூலவரே தேர்ல ஏறித் தெருவுக்கு வர்றாரு. நீங்க ஏன் வெறுங்காலோட உள்ள போறீங்க? வீதியில உக்காந்து பாருங்க" என்றார்.

"செருப்போடயா சாமி பாக்கிறது?" என்று சித்தி வரும் வழியெல்லாம் புலம்பினார்.

மார்கழித் தேர் அன்றைக்குக் கீழ வீதியில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் சித்தப்பாவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். தேர் அசைந்து வந்தபோது கையெடுத்துக் கும்பிட்டார். மடியிலிருந்து ஒரு துண்டைத் தொங்கவிட்டிருந்தார், செருப்பு தெரியாதபடி.