உறுதியும் உரிமையும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்று நம் முன்னோர் இரண்டு பெருங் காரியங்களை வெவ்வேறாக வைத்துக் கூறினர். மட்டக்களப்பு நாட்டிலோ இவ்விரண்டும் ஒரே காரியமாக முடிந்துவிடுகின்றன. மகளுக்கு மணம் பேசத் தொடங்கியதும், “வீடு உண்டா?” என்ற வினாவும் உடன் எழுகின்றது. தாய்வழிக் குடிமரபில் வேரூன்றிய நம் சமுதாயத்தில், மணமகன் பெண்வீட்டிற்கு வந்து வாழ்வதே பெருவழக்கு. ஆதலின் பெண்ணைப் பெற்றவர் வயலை விற்றும், ஓய்வுகாலப் பணத்தைத் திரட்டியும், கடல் கடந்து சென்ற மகனது உழைப்பைச் சேர்த்தும் ஒரு வீட்டை வாங்க முற்படுகின்றார். ஓர் ஆயுட்காலச் சேமிப்பு ஒரே நாளிற் கைமாறுகின்றது.

மேற்கே வாவியும் கிழக்கே கடலுமாக அமைந்த ஒடுங்கிய மணல் நிலத்தில் உள்ளது நமது நாவற்குடா. காணியோ பெருகுவதில்லை, கேட்போர் தொகையோ பெருகுகின்றது. கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திற்கு வரும் மாணவருக்கு அறை வாடகைக்கு விடலாம் என்ற எண்ணத்தோடு வீடு தேடுவோரும் உளர். இவர்கள் சுவரைத் தட்டிப் பார்க்கின்றனர். ஓட்டை அண்ணாந்து நோக்குகின்றனர். வீதி அகலமா என்று அளக்கின்றனர். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் நாம் விலை கொடுத்து வாங்குவது சுவரையும் ஓட்டையும் அன்று, உரிமையையே வாங்குகின்றோம். அதனைக் கண்ணாற் காண முடியாது.

காணி வாங்கி இடர்ப்பட்டோர் பலரும் வஞ்சகனிடம் அகப்பட்டவர் என்றே நாம் நினைக்கின்றோம். உண்மையில், தனக்கு முழு உரிமை இல்லை என்பதை அறியாத நல்ல மனிதரிடம் வாங்கியும் இடர்ப்படலாம். நம் பகுதியில் அதற்கு ஏதுவாக இருப்பது வாய்ச் சீதனம். “இந்த வீடு மூத்தவளுக்கு” என்று பெற்றோர் சபையிற் கூறிவிடுவர். ஊரும் அறியும், உறவும் அறியும், மகளும் அங்கேயே வாழ்ந்து பிள்ளைகளைப் பெறுவாள். உறுதி மட்டும் எழுதப்படுவதில்லை. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணியைக் கைமாற்றுவது எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் ஒப்பமிடப்படவேண்டும் என்கின்றது. சபையிற் சொன்ன சொல் அன்பிற்குச் சான்றாகலாம், ஆதனத்திற்குச் சான்றாகாது.

இதனால் விளைவது யாது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய முக்குவர் வழமை 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு செல்வாக்கிழந்தது. அச்சட்டத்தின்படி, மரண சாசனம் எழுதாது இறந்த தாயின் ஆதனத்திற் பாதி கணவனைச் சேரும். மறுபாதி பிள்ளைகளைச் சேரும். பிள்ளைகள் நால்வராயின் ஒவ்வொருவருக்கும் எட்டில் ஒரு பங்கு. பின்னர் தந்தையும் அவ்வாறே இறப்பின், அவர் பாதியும் நால்வருக்கும் பிரிந்து, ஆளுக்குக் காற்பங்காகும். இருபது ஆண்டுகள் அவ்வீட்டில் விளக்கேற்றி வாழ்ந்த மூத்த மகள் விற்க வல்லது அந்தக் காற்பங்கை மாத்திரமே. முழு விலை கொடுத்தவர், கனடாவிலும் இலண்டனிலும் வாழும் அவள் சகோதரருக்குப் பங்காளி ஆகிவிடுகின்றார்.

“பத்து ஆண்டு ஆட்சி இருந்தால் உரிமை வந்துவிடுமே” என்று சிலர் தேற்றுவர். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் அவ்விதி உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், ஒரு பங்காளியின் ஆட்சி ஏனைய பங்காளிகளுக்காகவும் நடக்கும் ஆட்சியே என்று, கொறயா எதிர் அப்புஹாமி என்னும் வழக்கில் 1911இல் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. வெறுமனே குடியிருந்ததனால் உடன்பிறந்தார் பங்கு அற்றுப்போகாது. எஞ்சுவது 1977ஆம் ஆண்டின் சட்டப்படி மாவட்ட நீதிமன்றில் தொடுக்கும் பங்குபிரிப்பு வழக்கு. அது எத்தனை ஆண்டு செல்லும் என்பதை வழக்காடியோரிடம் கேட்டறிக.

ஆகவே முற்பணம் கொடுக்குமுன் செய்யவேண்டியன சில உள. காணிப் பதிவகத்திலே முப்பது ஆண்டுப் பதிவுகளையேனும் நம் சார்பில் ஒரு வழக்கறிஞர் தேடிப் பார்த்தல் வேண்டும். விற்பவரே அழைத்துவரும் நொத்தாரிசை மட்டும் நம்பியிருத்தல் தகாது. ஈடு உண்டா, வழக்கு உண்டா என்பதெல்லாம் அங்கே புலப்படலாம். ஆனால், உறுதி பதிவாகியிருப்பதொன்றே உரிமைக்குப் பிணையன்று. 1927ஆம் ஆண்டின் சட்டப்படி பதியப்படுவது ஆவணம். அதன் உள்ளடக்கம் மெய்யென்று பதிவகம் உறுதி கூறுவதில்லை. எனவே பதிவேட்டைப் பார்த்தபின் குடும்பத்தையும் விசாரிக்கவேண்டும். பிள்ளைகள் எத்தனை பேர்? எங்கே உளர்? வெளிநாட்டிலிருப்பவர் அனுப்பிய தத்துவப் பத்திரம் இன்னும் செல்லுபடியாகின்றதா? எல்லாரும் ஒப்பமிட்ட பின்னரே பணம் கைமாறுதல் நன்று. உறுதி முடிந்ததும் தாமதியாது பதிதலும் வேண்டும். பிந்திய உறுதியொன்று முந்திப் பதிவாகின் அதுவே மேலோங்கக்கூடும்.

அரச காணியாயின் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை, உரிய அதிகாரியின் முன் ஒப்புதலின்றிக் கைமாற்ற இயலாது. வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி எழுதிக்கொள்வது பயன் தராது. பிரதேச செயலகத்திற் கேட்டறிதல் எளிது. கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டிடம் எழுப்புவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

நிலத்தையும் பேசவிட்டுக் கேட்கவேண்டும். மழை ஓய்ந்த பங்குனியிற் காணும் காணியன்று, கார்த்திகையிலும் மார்கழியிலும் காணும் காணி. 2011 தை மாதப் பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அயலாரை வினவுக. கிணற்று நீரைச் சுவைத்துப் பார்க்க; மணலுக்கடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து கிடப்பதால், அளவு கடந்து இறைப்பின் உவர் மேலெழும். மலக்குழி கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதும் சிறு பேர்ச் காணிகளிற் பெருங் கேள்வியாகும்.

“இன்றே கொடுக்காவிடில் நாளை வேறொருவர் வாங்கிவிடுவார்” என்ற சொல்லே இவ்விசாரணைகளையெல்லாம் கெடுக்கும் நஞ்சு. வாங்கட்டுமே. மகளின் நல்லநாளுக்கு முன் வீடு வேண்டும் என்ற ஆவல் இயல்பானது. ஆயினும் வாடகை வீட்டில் ஓராண்டு வாழ்ந்த மணமக்கள் குறைந்துபோவதில்லை. வீடு கொடுக்கும் பெற்றோர் அதனை வாயாற் கொடாது உறுதியாற் கொடுத்தால், அந்த மகளும் உடன்பிறந்தாரும் பின்னாளிலும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பர்.