எந்த முழம்?

புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்து நிற்கிறது பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955இல் ழான் ஃபிலியோசா தொடங்கியது. தென்னாட்டுக் கோயில்களிலும் மடங்களிலும் வீடுகளிலும் தேடிச் சேர்த்த சைவச் சுவடிகள் இங்கே இருக்கின்றன. துமா வீதியிலுள்ள மற்றொரு பிரெஞ்சு ஆய்வு மையத்தின் சேகரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 11,000. யுனெஸ்கோ 2005இல் இவற்றை உலக நினைவகப் பட்டியலில் ஏற்றியது.

இந்தச் சுவடிகளில் இருக்கும் கோயில், வழிபாட்டு நூல்களான ஆகமங்களில் கணிசமான பகுதி செய்முறைதான். மண்ணைச் சோதிப்பது, அளவு போடுவது, குண்டம் அமைப்பது, எந்தக் கிரியைக்குப் பின் எது வரும் என்பது. கையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டிய நூல்கள். ஆனால் ஏட்டைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஓரத்திலிருந்து ஓரம்வரை கிரந்த எழுத்து. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. ஒரு சுலோகம் முடிந்த வரியிலேயே அடுத்தது தொடங்கிவிடுகிறது. செல்லரித்த இடத்தில் எழுத்தே இல்லை.

இதைப் படிக்கும்படி ஆக்குவது தனி ஆளின் வேலையல்ல. ஒருவர் வாய்விட்டு வாசிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். பிரதிக்குப் பிரதி பாடம் மாறும் இடத்தில் வாசிப்பு நிற்கும். சுலோகத்துக்கு 32 அசை என்ற கணக்கு முதல் சாட்சி. விடுபட்ட எழுத்தை அது காட்டிக்கொடுத்துவிடும். அதே செய்முறையைச் சொல்லும் வேறு ஆகமம் இரண்டாம் சாட்சி. பிறகுதான் பதம் பிரிப்பது, சுலோகத்துக்கு எண் இடுவது, தலைப்புக் கொடுப்பது எல்லாம்.

ஏற்காத பாடத்தையும் பக்கத்தின் அடியில் எழுதிவைக்கிறார்கள்.

“தப்புன்னு தெரியுதே ஐயா, அதை ஏன் வெச்சிருக்கீங்க?” என்று அங்கிருந்த பண்டிதர் ஒருவரைக் கேட்டேன்.

“நமக்குத் தப்பு. நாளைக்கு இன்னொரு சுவடி வந்து இதையே சொன்னா?” என்றார்.

பாடம் பிசகினால் என்ன ஆகும் என்பது மயமதத்தை எடுத்துக்கொண்டால் விளங்கும். 36 அத்தியாயம் கொண்ட இந்தக் கட்டடக்கலை நூலை புரூனோ தாழான் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, இந்நிறுவனம் 1970இலும் 1976இலும் 2 தொகுதிகளாக வெளியிட்டது. அதில் முழம் ஒன்றல்ல. 24 அங்குலம் கிஷ்கு, 25 பிராஜாபத்தியம், 26 தனுர்முஷ்டி, 27 தனுர்கிரகம். அளக்கும் பொருளுக்கேற்ப முழமும் மாறும். ஏடு எழுதியவர் ஒரு பெயருக்குப் பதில் இன்னொன்றை எழுதிவிட்டால்? கிஷ்குவும் தனுர்கிரகமும் இடம் மாறினால் 100 முழத்தில் 300 அங்குலம் பிசகும். அதாவது பன்னிரண்டரை கிஷ்கு.

வேகமாக முடிகிற காரியமில்லை இது. என். ஆர். பட் பதிப்பித்த ரௌரவாகமத்தின் முதல் தொகுதி 1961இல் வந்தது, மூன்றாவது 1988இல்.

நூலை எளிதாக்குகிறேன் என்று முரண்களைத் துடைத்துவிடுவது சுலபம். படிப்பவருக்கும் நிம்மதி. இங்கே மேலே தெளிவான பாடம் ஓடுகிறது. அது எப்படி முடிவாயிற்று என்ற வழக்கு அடியில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அதனால்தான் பதிப்பைக் கையில் எடுக்கும் ஸ்தபதி, கயிறு பிடிப்பதற்கு முன் பதிப்பாசிரியரோடு வாதாட முடிகிறது.