சாய்ந்து மீளும் படகு

போடிநாயக்கனூரில் இருந்துகொண்டு சொகுசுக் கப்பல்களின் துணைப்படகைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். எங்களுக்கு மேற்கே ஏலமலை, கடலோ வெகுதொலைவு. எனினும் எடை இடம் மாறினால் என்ன ஆகும் என்பது இங்குள்ளோர்க்குத் தெரியும். விடியுமுன் ஏலத்தோட்டத் தொழிலாளரை நெருக்கி ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறும் ஜீப்புகளைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

'டெண்டர்' என்பது நங்கூரமிட்டு நிற்கும் பெரிய உல்லாசப் படகிலிருந்து விருந்தினரைக் கரைசேர்க்கும் சிறுபடகு. அவற்றுள் பெரிதும் விரும்பப்படுவது காற்றுக்குழாய் பொருத்திய வகை. அடிப்பகுதி கண்ணாடியிழையாலோ அலுமினியத்தாலோ ஆன கூரிய 'வி' வடிவம். விளிம்பைச் சுற்றிலும் ரப்பர் பூசிய துணியாலான தடித்த குழாய். குழாயினுள் உள்ள காற்றழுத்தம் கார் டயரில் இருப்பதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். உள்ளே தடுப்பு வைத்துப் பல அறைகளாகப் பிரித்திருப்பதால் ஒன்று கிழிந்தாலும் மற்றவை மிதக்கும்.

கூரிய அடிப்பகுதி அலையைக் கிழித்து அதிர்ச்சியைக் குறைக்கும். ஆனால் படகு நிற்கும்போது அதே கூர்மையால் இருபுறமும் ஆடும். குழாய்களின் பணி இங்கேதான் தொடங்குகிறது. ஒருபுறம் சாய்ந்தால் அப்பக்கத்துக் குழாய் நீரில் அமிழும்; அமிழ அமிழ நீர் அதை மேலே தள்ளும். வேகமெடுத்ததும் படகு நீர்மட்டத்துக்கு மேலெழுவதால், குழாய்கள் பெரும்பாலும் நீரைத் தொடாமல் இழுவையைக் குறைக்கின்றன. தாய்ப்படகோடு உரசினாலும் அதன் வண்ணப்பூச்சுக்குக் கீறல் விழாது. தேக்குத் தளமும் மெத்தை இருக்கையும் பின்னர் வந்த அலங்காரங்கள். அவற்றையும் வடிவமைப்பாளர் எடைபார்த்தே சேர்க்கிறார்: தாய்ப்படகின் சிறிய கொட்டிலுக்குள் அது அடங்கவேண்டும், பாரந்தூக்கியும் அதைத் தாங்கவேண்டும்.

இந்த வடிவம் செல்வந்தர்க்காகப் பிறந்ததல்ல என்பதுதான் எங்களைக் கவர்ந்த செய்தி. வேல்ஸ் நாட்டுக் கடற்கரையிலுள்ள அட்லாண்டிக் கல்லூரி 1962-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோர், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. பாய்மரப் படகு பழகும் மாணவர்களைக் காக்க அங்கே காற்றடைத்த படகுகளை வைத்திருந்தனர். கற்கள் நிறைந்த கரையில் இழுத்து இழுத்து அவற்றின் துணியடி தேய்ந்தது. ஒட்டுப்பலகையால் அடிப்பகுதி அமைத்துப் பார்த்தார்கள். மாணவர்களே அறுத்து ஒட்டி, கடலில் ஓட்டிச் சோதித்தார்கள். அந்த முயற்சியின் வழிவந்த படகுக்கு 'அட்லாண்டிக் 21' என்று கல்லூரியின் பெயரையே சூட்டி, பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனம் 1972-இல் பணியில் சேர்த்தது. பிழைக்க வேண்டியவர்களுக்காக உருவான படகு பிற்பாடு உல்லாசத்துக்குப் போயிற்று.

இதைப் படிக்கையில் எங்கள் மனம் தேக்கடிக்குச் சென்றது. கம்பம், குமுளி வழியாகப் போனால் எட்டிவிடக்கூடிய ஏரி அது. எங்கள் மாவட்டத்து வயல்களுக்கு நீர் தருவதும் அதுவே. 2009 செப்டம்பர் 30 மாலை அங்கே 'ஜலகன்யகா' என்ற ஈரடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒருபுறம் திரண்டதே காரணம் என்று அன்று முதலில் பேசப்பட்டது. அளவுக்கு மீறிய ஆட்கள், படகின் நிலைத்தன்மைக் குறை, அணியப்படாத மிதவை அங்கிகள் ஆகியவை பின்னரே பேச்சுக்கு வந்தன.

பயணிகள் ஒருபுறம் திரண்டதைக் குற்றமாகச் சொல்ல எங்களால் இயலவில்லை. யானையைப் பார்க்க வந்தவர் யானை நிற்கும் பக்கம் போகத்தான் செய்வார். குழந்தையைத் தூக்கிக் காட்டத்தான் செய்வார். காற்றுக்குழாய்ப் படகுகளைத் தேக்கடியில் விடவேண்டும் என்பதும் எங்கள் வாதமன்று. 1895-இல் அணை எழுந்தபோது மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்றும் அந்நீரில் குத்திட்டு நிற்கின்றன. ரப்பருக்கு அவை நல்ல துணையல்ல. நாங்கள் கேட்பது அதன் உள்ளிருக்கும் எண்ணத்தை மட்டுமே. மனிதர்கள் அசைவார்கள் என்று முன்கூட்டியே கணித்து, அசைந்தாலும் மீளும்படி படகைச் செய்வது ஒரு மரியாதை. சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுபவருக்கும் அது உரியது.