ஆறு அங்குல வாசப்படி

நல்லூரில் ஒரு அக்கா இருக்கிறார். சின்ன வயதில் வந்த போலியோவால் நடக்க முடியாது. பனியன் கம்பெனியில் இருந்து பீஸ் வாங்கி வீட்டிலேயே பிசிறு வெட்டித் தருகிறார். மூன்று சக்கர ஸ்கூட்டரில் ஊர் முழுக்கத் தனியாகவே சுற்றுவார். ஒரே ஒரு இடம் தவிர... கோயில்!

பிரதோஷத்துக்குப் போனால் வாசலிலேயே வண்டியில் உட்கார்ந்திருப்பார். யாராவது திருநீறு கொண்டுவந்து தருவார்கள். "வாங்கக்கா, நாலு பேரு சேந்து தூக்கிட்டுப் போயர்றோம்" என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் அக்கா கேட்பது வேறு. "உள்ள போனா எப்பத் திரும்பறதுன்னு தூக்குனவங்கதானுங்க முடிவு பண்ணோணும்?"

இதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்? சாய்தளத்துக்கு 1:12 என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஆறு அங்குல வாசப்படிக்கு ஆறடிப் பலகை போதும். கல்லை உடைக்க வேண்டாம், பூஜை முடிந்ததும் எடுத்து வைத்துவிடலாம். தெருவில் ஓடிய சக்கரம் உள்ளே வரக்கூடாது என்றால், கோயிலுக்கென்றே ஒரு சக்கர நாற்காலி வாங்கி வைக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'பொதுக் கட்டடம்' என்பதற்குள் வழிபாட்டு இடங்களும் வருகின்றன. விதிகள் வந்தது 2017 ஜூனில். ஐந்து வருடக் கெடு 2022லேயே முடிந்தாயிற்று!

"ஆகமம் இடம் கொடுக்காது" என்பார்கள் சிலர். யூதர்களைப் பாருங்கள். சனிக்கிழமை ஓய்வு நாளில் மின்சாரப் பொத்தானை அழுத்துவது ஆசாரமான யூதர்களுக்குக் கூடாது. அப்படியானால் மாடி ஏற முடியாதவர்கள்? அதற்காகவே யாரும் பொத்தானை அழுத்தாமல் ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று போகும் லிஃப்ட் வைத்தார்கள். கட்டுப்பாடும் இருக்கிறது, ஆளும் மேலே போகிறார். (அந்த லிஃப்ட்டையும் ஒத்துக்கொள்ளாத ரப்பிகள் உண்டு, அது தனிக்கதை.)

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். திருவாரூர் தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, நடுவே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்து கமலாலயக் குளத்தைத் தோண்டினார் என்கிறது பெரியபுராணம். அவரை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒரு கயிறு போதுமாக இருந்தது.

"ஒருத்தருக்காகப் பலகையா?" என்று கேட்கிறார்கள். முழங்கால் வலியோடு வீட்டிலேயே கும்பிட்டுக்கொள்ளும் பாட்டிகள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

போன அன்னதானத்தன்று வாசப்படியில் ஒரு பலகை கிடந்தது. தள்ளுவண்டியில் அரிசி மூட்டைகள் ஜம்மென்று உள்ளே போயின. வேலை முடிந்ததும் பலகையை எடுத்துவிட்டார்கள். வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மூட்டை உருண்டு போகுதுங்க... என்னையத்தான் தூக்கிட்டுப் போகோணுமாம்!"