செம்மணியும் பச்சைமணியும்

அறிவியற் கண்காட்சிக்கு எதைச் செய்வது என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒரு வாரம் வாதாடினோம். எரிமலை வேண்டாம், அது ஆண்டுதோறும் வெடித்து அலுத்துவிட்டது. இறுதியில் இரத்தச் சிவப்பணுவின் சவ்வைச் செய்வதென முடிவாயிற்று. மணியும் நூலும் போதும், செலவு குறைவு என்பதே உண்மைக் காரணம்.

இச்சவ்வு பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறுகளாலான இரட்டை அடுக்கு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் ஒரு தலை, நீரை வெறுக்கும் இரு வால்கள். தலைகள் உள்ளும் புறமும் நீரைப் பார்த்து நிற்க, வால்கள் நடுவே ஒளிந்துகொள்ளும். 1925-இல் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீரின்மேல் பரப்பினர். அது அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இடத்தை அடைத்தது. ஆகவே அடுக்கு இரண்டு என்றனர். உண்மையில் கொழுப்பு முழுவதையும் அவர்கள் பிரித்தெடுக்கவில்லை. அணுவின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தனர். இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து விடை சரியாக வந்துவிட்டது! எங்கள் கணக்குத் தேர்வில் இந்த அதிர்ஷ்டம் ஒருநாளும் வாய்த்ததில்லை.

முதலில் எல்லா மணிகளையும் ஒரே நிறத்தில் கோத்திருந்தோம். சிஸ்டர் வந்து பார்த்தார்; "இரண்டு அடுக்கும் ஒன்றுதானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். நூலகத்துக்கு ஓடினோம். ஒன்றல்ல. வெளியடுக்கில் பாஸ்பாடிடைல்கோலினும் ஸ்பிங்கோமையலினும் மிகுதி. பாஸ்பாடிடைல்எத்தனாலமைன் பெரும்பாலும் உள்ளடுக்கில். பாஸ்பாடிடைல்செரினோ ஏறக்குறைய முழுவதும் உள்ளேதான். எனவே வெளியே பச்சைமணி, உள்ளே செம்மணி என்று அவிழ்த்துக் கோத்தோம்.

இவை இடம் மாறாவா? தலை, நீரை வெறுக்கும் நடுப்பகுதியைத் தாண்டியாக வேண்டும். தானாக நடக்க மணிக்கணக்கில், நாட்கணக்கில்கூட ஆகும். ஆயினும் சில வெளியே நழுவத்தான் செய்யும். ஏ.டி.பி. ஆற்றலைச் செலவிட்டு அவற்றைச் சில நிமிடங்களில் உள்ளே கொண்டுவரும் ஏற்பாடு மனிதச் சிவப்பணுவில் உண்டு என்பதை 1984-இல் பாரிஸில் சென்யுரே, தெவோ ஆகிய இருவர் காட்டினர். அதைச் செய்யும் புரதத்துக்கு ஃபிளிப்பேஸ் என்று பெயர். எங்கள் விடுதியில் மாலை ஜெபத்துக்கு மணி அடித்தபின் திண்ணையில் நிற்பவளைக் கைபிடித்து உள்ளே அழைத்துப்போகும் அக்காவைப் போல. சிவப்பணுவுக்கு உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்டிரியாவும் கிடையாது. குளுக்கோஸைச் சிதைத்துக் கிடைக்கும் சொற்ப ஆற்றலில் 120 நாள் இந்தக் காவலை நடத்துகிறது. உள்ளிருந்து வெளியே மெல்ல எடுத்துச் செல்லும் புரதங்களும் இருக்கின்றன.

ஸ்கிராம்பிளேஸ் என்பது வேறு வகை. ஆற்றல் எதுவும் வேண்டாத கதவு, வழக்கமாக மூடியிருக்கும். அணுவுக்குள் கால்சியம் ஏறினால் அது திறந்துகொள்ள, ஃபிளிப்பேஸும் தளர்ந்துவிடும். பச்சையும் சிவப்பும் கலந்துபோகும். வெளியே பாஸ்பாடிடைல்செரின் தெரிந்தால், அகற்றப்பட வேண்டிய அணு இதுவென்று பெருவிழுங்கணுக்கள் அடையாளம் கண்டு விழுங்கிவிடும். இரத்தக் குழாயின் சுவரில் அணு ஒட்டிக்கொள்ளவும், இரத்தம் உறையவும் அது வழி செய்யும்.

இதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தோழி ஒருத்தி மணி கோப்பதை நிறுத்தினாள். நீலகிரியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். விளையாட்டு வகுப்பில் மரநிழலில் உட்கார்ந்துவிடுவாள். கால் வலி, முதுகு வலி என்று படுத்துவிடுவாள். சாக்குச் சொல்கிறாள் என்று நாங்கள் அவள் காதுபடவே பேசியிருக்கிறோம். ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தோம். அதை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது.

"எனக்குக் கதிர் அரிவாள் சோகைடி," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மீதியை நாங்களே படித்தோம். இந்தியாவில் இந்நோயின் மரபுக்கூறு முதன்முதலில் அறியப்பட்டது 1952-இல், நீலகிரி மலைவாழ் மக்களிடையே. ஆக்சிஜனை இழந்ததும் ஹீமோகுளோபின் நீண்ட இழைகளாய்ச் சேர்ந்து அணுவை அரிவாளாய் வளைத்துவிடும். வளையும்போதெல்லாம் கால்சியம் உள்ளே கசியும். பல அணுக்களில் செம்மணி வெளியே வந்துவிடும். 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் முடிந்துபோகும். வளைந்த அணுக்கள் சிறு குழாய்களை அடைத்துக்கொள்ளும்போது வருவதுதான் அந்த வலி.

அவளிடம் மன்னிப்புக் கேட்க எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. கேட்டபோது அவள் அழவில்லை, நாங்கள்தான் அழுதோம். "சரி, நூலை எடுங்கள்," என்று சொல்லி, பக்கத்திலேயே வளைந்த ஓர் அணுவைச் செய்யவைத்தாள். அதன் பச்சை வரிசையில் தன் கையாலேயே ஐந்து செம்மணிகளைக் கோத்தாள்.

கண்காட்சியன்று பெற்றோருக்கு விளக்கம் சொன்னவள் அவளே. நாங்கள் நாற்காலியும் தண்ணீர்ச் செம்பும் கொண்டுவந்து வைத்து, குச்சியைப் பிடித்து நின்றோம். முதற்பரிசு ஒன்பதாம் வகுப்பின் எரிமலைக்குப் போயிற்று.