கைக்கு எட்டும் உயரம்

பிப்ரவரி மாதக் கடைசி. ஸ்காட்லாந்தின் பிளேர்கவ்ரி. வீட்டின் பின்புறம் ஒற்றை வரிசையில் ராஸ்பெர்ரி. இரு முனையிலும் மரத்தூண். நடுவே மூன்று கம்பிகள். மேல் கம்பி தரையிலிருந்து 5 அடி. தண்டுகள் 7 அடி, 8 அடி. இலை ஒன்றும் இல்லை. நுனிகள் காற்றில் ஒன்றோடொன்று உரசுகின்றன.

இந்த ஊருக்கு ஒரு காலத்தில் ஜூலை மாதம் டண்டீயிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் பழம் பறிக்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள். இப்போதும் ஊரைச் சுற்றிப் பழத்தோட்டங்கள். வீட்டுக் கொல்லையிலும் ஒரு வரிசை.

சமையலறைக் கதவு திறக்கிறது. கிழவி. ரப்பர் பூட்ஸ். ஆண்கள் அணியும் கோட்டு, கைகள் இரண்டு மடிப்பு மடித்தவை. ஒரு பையில் சணல் உருண்டை. பின்னால் பேரன். அவள் தலை அவன் நெஞ்சளவு. அவன் கையில் கவாத்துக் கத்தரி.

தண்டுகளில் உறைபனி. அவள் ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறாள். கையை எடுத்துக்கொள்கிறாள். உறைந்த தண்டு வளையாது, ஒடியும். இருவரும் சுவரோரம் நிற்கிறார்கள். தேநீர்க் கோப்பைகளில் ஆவி.

வெயில் வரிசையின் மறுமுனையில் விழுகிறது. தூணைத் தாண்டுகிறது. முதல் தண்டிலிருந்து நீர் சொட்டுகிறது. கோப்பைகள் சுவர்மேல் ஏறுகின்றன.

ரகம் கிளென் ஆம்பிள். டண்டீ அருகே இன்வர்கவ்ரி ஆய்வு நிலையத்தில் உருவானது. முள் இல்லை. உயரம் அதிகம். அவள் கையில் உறையும் இல்லை.

மண்ணோடு மண்ணாகச் சில அடிக்கட்டைகள். சென்ற கோடையில் காய்த்தவை, காய்த்து முடிந்ததும் வெட்டியவை. நிற்பவை அப்போது வளர்ந்தவை. முதல் ஆண்டு உயரம். இரண்டாம் ஆண்டு பழம். பிறகு கத்தரி.

மெலிந்ததை அவள் அடியோடு எடுக்கிறாள். மற்றவற்றை உள்ளங்கை வைத்து அளக்கிறாள். தண்டுக்கும் தண்டுக்கும் ஒரு கையகலம்.

பேரன் கத்தரியை மேல் கம்பி மட்டத்துக்குக் கொண்டுபோகிறான். அவள் கை உயர்ந்து தண்டைத் தன் பக்கம் சாய்க்கிறது. விரல் மொட்டு மொட்டாக மேலே போகிறது. கம்பிக்கு மேலும் மொட்டுகள், தடித்தவை. விரல் நுனியில் நிற்கிறது. அங்கே பனியில் கருகிய சாம்பல் நிறம். அந்த நான்கு விரற்கடை மட்டும் விழுகிறது.

பிறகு வளைப்பு. இடக்கை கம்பியருகே தண்டைப் பிடிக்கிறது. வலக்கை நுனியை மெதுவாக இழுக்கிறது. தண்டு வில்லாகிறது. நுனி இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. சணல் எட்டு வடிவத்தில் சுற்றுகிறது. முடிச்சு. அடுத்த தண்டு. இழுப்பு. சுற்று. முடிச்சு.

பேரன் இழுக்கிறான். சடக். அவன் முகம் சிவக்கிறது. அவள் கத்தரியை வாங்குகிறாள். ஒடிந்த இடத்துக்குக் கீழே, ஒரு மொட்டின்மேல் சாய்வாக ஒரு வெட்டு. மிச்சத்தைக் கம்பியில் கட்டுகிறாள். கத்தரி அவன் கைக்கே திரும்புகிறது.

தூணில், மேல் கம்பிக்கு மேலே ஒரு சாண் தள்ளி, ஆணி பிடுங்கிய ஓட்டை. அதற்கும் மேலே இன்னொன்று, துருக்கறையுடன். பேரனின் கட்டைவிரல் இரண்டையும் தடவுகிறது. மேல் ஓட்டை அவன் கண் மட்டத்தில் இருக்கிறது.

அவன் கட்டிய வளைவின் கீழ் அவள் நிற்கிறாள். கையை உயர்த்துகிறாள். குதிகால் எழும்புகிறது. உச்சியிலுள்ள மொட்டுக்கும் விரலுக்கும் நடுவே ஓர் அங்குலம். கையை இறக்கிச் சணலை வெட்டப் போகிறாள்.

பேரன் அந்த முடிச்சை அவிழ்க்கிறான். தண்டை இன்னும் சாய்க்கிறான். நுனி நடுக்கம்பிக்கு இறங்குகிறது. அங்கே கட்டுகிறான். முன்பு கட்டிய தண்டுக்குப் போகிறான். அதையும் அவிழ்க்கிறான்.

வரிசையில் இன்னும் பதினொரு தண்டுகள் இருக்கின்றன. அவள் சணலை முழ நீளத்தில் வெட்டி வெட்டி அவன் தோளில் போடுகிறாள்.