உறைபனியில் ஒரு சொசைட்டி – 4

லீக் என்று ஒரு செடி. நம் வெங்காயத்தாளை நாலு மடங்கு பருக்க வைத்ததுபோல இருக்கும். வெளியே மைனஸ் ஆறு டிகிரி இருக்கும்போது அதைப் பிடுங்கக் கூடாது. உறைந்த தண்டு கண்ணாடிபோல ஒடிந்துவிடும். மதியம் கொஞ்சம் இளகும்வரை காத்திருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? டிசம்பரில் எட்டரை மணிக்குத்தான் விடியும் ஊரில், எட்டு மணிக்கே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி, என் சுறுசுறுப்பை நாலு பேர் பார்க்கட்டும் என்று அரை வரிசையை ஒடித்துப் போட்டேன். தோட்டப் பொறுப்பாளர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "சூப் வைத்துவிடலாம்" என்றார். மூன்று நாள் லீக் சூப் குடித்தோம்.

நான் வேலை செய்யும் கூட்டுறவுப் பண்ணை உள்ள இந்த ஊர், ஜெர்மனியின் வென்ட்லாந்து வட்டாரத்தில் இருக்கிறது என்று முதல் பகுதியிலேயே சொன்னேன். கீழ்சாக்சனி மாநிலத்தின் கிழக்கு மூலை. ஜெர்மனி இரண்டாக இருந்த காலத்தில் மூன்று பக்கமும் எல்லை வேலி; கிழக்கு ஜெர்மனிக்குள் துருத்திக்கொண்டு நின்ற முட்டுச்சந்து. எல்பே ஆற்றின் மேல் 1945இல் குண்டுவீச்சில் உடைந்த டோமிட்ஸ் ரயில் பாலம் இன்றும் பாதியில் நிற்கிறது. சாலைப் பாலத்தை மட்டும் 1992இல் புதிதாகக் கட்டினார்கள். பல கிராமங்கள் வட்டமாக அமைந்தவை. நடுவில் ஒரு திடல். அதைச் சுற்றி எல்லா வீடும் முகம் காட்டி நிற்கும். யார் வீட்டு அடுப்பு இன்னும் புகையவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

களஞ்சியக் கதவுகளில் மஞ்சள் நிறத்தில் பெருக்கல் குறி அடித்திருக்கும். பக்கத்திலுள்ள கோர்லேபனில் நாட்டின் அணுக்கழிவைப் புதைக்கலாம் என்று 1977இல் முடிவெடுத்தார்கள். அன்று தொடங்கிய எதிர்ப்பின் அடையாளம் அது. டிராக்டர்களால் சாலையை மறித்த தலைமுறை இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டது. நிலத்தடியில் புதைக்க ஏற்ற இடம் கோர்லேபன் இல்லை என்று 2020இல்தான் அறிவித்தார்கள். ஆனால் அதுவரை கொண்டுவந்து சேர்த்த 113 கலன்கள் அங்கே தரைக்கு மேலே ஒரு கொட்டகையில் இன்னமும் இருக்கின்றன. எழுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி, நான் தமிழ்நாடு என்றதும் கூடங்குளத்தைப் பற்றித்தான் கேட்டார். தாஜ்மகாலைப் பற்றிக் கேட்காத முதல் ஜெர்மானியர்!

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதே எனக்குப் பெரிய பாடாக இருந்தது. கூட்டுறவுப் பண்ணையில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'. எழுபது வயதுக்காரரை 'நீ' என்று சொல்ல என் நாக்கு எழவே இல்லை. ஜெர்மன் மொழியில் மரியாதைச் சொல் இருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் வாடிவிட்டது. தள்ளி வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாராம். அதன்பிறகு மனசுக்குள் 'ஐயா' என்று ஒரு முறை சொல்லிவிட்டு, வாயால் 'நீ' என்பேன்.

குளிர்காலத்தில் பண்ணையில் என்ன வேலை என்று அம்மா போனில் கேட்பார். கேரட் தரம் பிரிப்பது, பீட்ரூட் கழுவுவது, விறகு பிளப்பது. கேல் கீரை மட்டும் பனியிலும் நிற்கும். குளிரக் குளிர இலையில் சர்க்கரை கூடி இனிக்கும். உடுப்புக்கு இங்கே 'வெங்காய முறை' என்று பெயர். உரிக்க உரிக்க உள்ளே இன்னொன்று இருக்க வேண்டும். இத்தனையும் செய்து வீட்டைச் சூடாக்கியபின், காலையில் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து ஐந்து நிமிடம் காற்று வாங்குவார்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் குளிர்காலத்தின் உண்மையான வேலை கூட்டம் போடுவது. நிலம் உறங்கும்போதுதான் கணக்குப் பார்க்க நேரம். எங்கள் பண்ணை விளைச்சலைக் கிலோ கணக்கில் விற்பதில்லை. ஓர் ஆண்டுச் செலவை, விதை முதல் கூலி வரை, முன்கூட்டியே போடுகிறார்கள். உறுப்பினர்கள் அந்தச் செலவை ஏற்கிறார்கள், விளைவதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். விளையாவிட்டால் அதையும்தான். ஜெர்மனியில் இந்த முறையை முதலில் தொடங்கியது ஹாம்பர்க் அருகே புஷ்பெர்க்ஹோஃப் என்ற பண்ணை, 1988இல்.

ஆளுக்கு எவ்வளவு? அங்கேதான் வேடிக்கை. டவுனிலிருந்தும் ஆட்கள் வந்து களஞ்சியத்தில் உட்கார்ந்தார்கள். மொத்தச் செலவையும் சராசரிப் பங்கையும் பலகையில் எழுதினார்கள். ஒவ்வொருவரும் தன்னால் மாதம் எவ்வளவு தர முடியும் என்று சீட்டில் எழுதி மடித்துப் போட்டார்கள். இன்னார் இவ்வளவு என்று வெளியே தெரியாது. நம் ஊர் ஏலச்சீட்டில் அவசரக்காரர் தள்ளிக் கேட்பார். அந்தத் தள்ளு மற்றவர்களுக்கு லாபம். இது அதைத் தலைகீழாக்கிய ஏலம். இருக்கிறவர் ஏற்றிக் கேட்டால்தான் இல்லாதவர் குறைத்துக் கேட்க முடியும்.

முதல் சுற்றில் தொகை சேரவில்லை. இரண்டாம் சுற்றிலும் இல்லை. நடுவில் ஒன்றரை மணி நேரம் புது டிராக்டர் தேவையா என்று சண்டை. சண்டை என்றால் குரல் உயராது. கையைத் தூக்கி, வரிசைக்குக் காத்திருந்து, மூன்று உபவாக்கியம் உள்ள ஒரே வாக்கியத்தில் போடுகிற சண்டை. எனக்குத் தூக்கம் சொக்கியது. மூன்றாம் சுற்றில் சேர்ந்தது. யாரும் கைதட்டவில்லை. பெஞ்சுகளை அடுக்கிவிட்டுப் போனார்கள்.

எங்கள் டெல்டாவில் கூட்டுறவு 'சொசைட்டி' என்றால் வேறு படம் வரும். கம்பி வைத்த கவுன்டர். உரம் வந்துவிட்டதா என்று செயலாளரிடம் கேட்கப்போய் நிற்கும் அப்பா. அம்மாவின் சங்கிலி அங்கேதான் அதிக நாள் இருந்திருக்கிறது. அப்பா அதில் உறுப்பினர். ஒருவருக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஒரே ஓட்டு என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் அப்பா தன்னை உறுப்பினர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "லோன் வாங்குற இடம்" என்பார்.

இரண்டும் ஒரே விதை என்று எனக்குச் சொன்னவர் அந்த 'ஐயா'தான். பக்கத்து ஊர்த் தீவனக் கடைப் பலகையில் 'ரைஃபைசன்' என்று இருக்கும். ஏதோ தீவனக் கம்பெனி என்று நினைத்திருந்தேன். அது ஆள் பெயர் என்றார். 1846இல் விளைச்சல் பொய்த்தது, உருளைக்கிழங்கும் அழுகியது. வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் வெயர்புஷ் என்ற ஊருக்கு மேயராக இருந்தவர் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன். அப்போது வயது 28. மேலிடம் மாவு அனுப்பியது. ரொக்கத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றது. ரொக்கம் இருந்தால் ஏன் பட்டினி? வசதியானவர்களிடம் பணம் திரட்டி, சங்கம் வைத்து, ரொட்டி சுட்டு, கடனுக்குக் கொடுத்தார். பிறகு வேறோர் ஊரில் மாடு வாங்கக் கடன் தந்தார். கொடுப்பவர் தயவில் நடக்கும் சங்கம் நிலைக்காது, வாங்குபவரே உறுப்பினராகவும் ஒருவருக்கொருவர் ஜாமீனாகவும் இருக்க வேண்டும் என்று புரிய அவருக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1864இல் ஹெடஸ்டார்ஃபில் அமைத்த கடன் சங்கம் அப்படிப்பட்டது.

எனக்குத் தெரிந்த மீதிக் கதையை நான் சொன்னேன். மதராஸ் அரசாங்கம் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் விவசாய வங்கிகளைப் பார்த்துவரச் சொன்னது. 1895லும் 1897லும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். அத்தனை பக்கத்தின் சாரமும் ஒன்றுதான்: நமக்கும் ஒரு ரைஃபைசன் வேண்டும். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் பதிவானது. 'ஐயா' கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படியானால் நீ அவர் ஊரைப் பார்க்காமல் போகக் கூடாது" என்றார்.

ஜனவரியில் ஆறு நாள் லீவு கிடைத்தது. ஜெர்மனி முழுவதற்கும் மாதம் ஒரே டிக்கெட். அதுவரை 49 யூரோ, அந்த 2025 ஜனவரியில்தான் 58 ஆக்கியிருந்தார்கள். அதிவேக ரயிலில் செல்லாது. ஆகவே லூனெபுர்க், யூல்ட்சென், ஹனோவர், மிண்டன் என்று மாறி மாறி ஏறினேன். யூல்ட்சென் நிலையத்தில் ஓவியர் ஹுண்டர்ட்வாஸர் வடிவமைத்த கொழுத்த வண்ணத் தூண்களைத் தொட்டுப் பார்க்க நேரம் இருந்தது. பிறகு ஓரிடத்தில் நான்கு நிமிடத்தில் இணைப்பு ரயிலைத் தவறவிட்டு, ஒரு மணி நேரம் நடைமேடையில் குதித்துக்கொண்டே நின்றேன். கொலோன் போய்ச் சேர இரவாகிவிட்டது.

மறுநாள் காலை சீக் ஆற்றோரமாகப் போகும் ரயிலில் ஆவ் என்ற சின்ன நிலையத்தில் இறங்கினேன். ரைஃபைசன் பிறந்த ஹம் அங்கிருந்து நடக்கிற தூரம். பனிக்கட்டியில் இரண்டு முறை சறுக்கி, ஒரு முறை விழுந்து போய்ச் சேர்ந்தேன். அவர் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். கதவு பூட்டியிருந்தது. என்றைக்குத் திறப்பார்கள் என்று விசாரிக்காமல் கிளம்பியது என் தப்பு.

வாசலில் நின்றே அப்பாவுக்குப் போன் போட்டேன். எங்கே நிற்கிறேன், யார் வீடு, என்ன சங்கதி எல்லாம் சொன்னேன்.

"பூட்டியிருக்கா?" என்றார். "நம்ம சொசைட்டியும் இன்னைக்குப் பூட்டிதான்மா கெடக்கு. பொங்கல்ல!"

ரொட்டி சுட்ட வெயர்புஷ்ஷுக்கு மறுநாள் பஸ்ஸில் போனது அடுத்த இதழில்.